லாபம் என்று தொடங்கும் கணக்கு

சாந்தப்பன் என்று பெயர் வைத்தவர்கள் ஏதோ ஆசையில்தான் வைத்திருக்க வேண்டும். அந்த மனிதரிடம் இல்லாத ஒன்று உண்டென்றால் அது சாந்தம்தான். உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் நடப்பார், பாதி வழி போன பிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசிப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள் என்று திண்டிவனத்தில் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பிறந்தது பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில், கிறிஸ்தவக் குடும்பத்தில். மிஷன் போர்டிங்கில் ஐந்தாவது வரை படித்தார். பிறகு மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தார், சூளையில் செங்கல் அடுக்கினார், விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். எதிலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. விழுப்புரத்தில் இருந்தபோதுதான் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் தங்கை சலோமியைக் கட்டிக்கொண்டார். "இந்த ஆள ஒரு எடத்துல உக்கார வெக்கறதுக்கே நான் பொறந்து வந்தேன்" என்று சலோமி சொல்வாள். அதைக் குறையாகச் சொல்கிறாளா பெருமையாகச் சொல்கிறாளா என்று கேட்பவர்களுக்குப் புரியாது.

கடைசியில் அவரை உட்கார வைத்தது அவருடைய குரல். கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளை எண்ணும்போது அவர் ராகம் போட்டு எண்ணுவார். சரக்கு ஏற்ற வந்த கோதண்டபாணி அதைக் கேட்டார். திண்டிவனத்தில் அவருக்குப் பெரிய மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். "இந்தக் குரலை வெச்சிக்கினு மூட்டை தூக்கிக்கினு இருக்கியே! எங்கிட்ட வந்து மரக்கால் புடி" என்றார். சேரி ஆள் மரக்கால் பிடிப்பதா என்று மண்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். "மரக்காலுக்கு ஏதுய்யா ஜாதி?" என்று கோதண்டபாணி கேட்டார். அதோடு முணுமுணுப்பு நின்றது. அந்த ஒரு கேள்விக்காகச் சாந்தப்பன் அவருக்கு உயிரையே கொடுத்திருப்பார். ஐம்பத்து நாலாம் வருஷம் அது.

அளவுக்காரர் வேலைக்குக் கை மட்டும் போதாது, வாயும் வேண்டும். முதல் மரக்காலை 'ஒன்று' என்று யாரும் எண்ணுவதில்லை. ஒன்று என்பது ஒண்டிக்கட்டை, வியாபாரத்துக்கு ஆகாது. அதனால் முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள். அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூணு. ஒரு மரக்கால் நிறைந்து கொட்டும் வரை அதே எண்ணை இழுத்து இழுத்துப் பாட வேண்டும். நடுவில் எவனாவது பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தப்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. "லாபமே லாபம்... லாபமே லாபம்..." என்று சாந்தப்பன் தொடங்கினால் வண்டி மாடுகூடத் தலையைத் திருப்பிப் பார்க்கும்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாந்தப்பா, லாபம்னு பாடிட்டு அடுத்ததுக்கு ஒண்ணுன்னு பாடேன்."

"அப்ப மொதல் மரக்கால் கணக்குல வராதே மொதலாளி?"

"லாபம் எப்படிய்யா கணக்குல வரும்? லாபம்னா லாபம்தானே. உன்ன நான் பொய்யா சொல்லச் சொல்றேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சாந்தப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வீட்டில் சலோமி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். குடியிருந்த வீடு மண்டிக்காரர் வீடு. மறுநாள் காலையில் வந்த முதல் வண்டிக்கே அவர் லாபம் பாடிவிட்டு ஒண்ணு பாடினார். யாரும் கேட்கவில்லை. குடியானவனுக்கு வண்டியை அவிழ்க்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், ரேட்டு என்ன என்று நாலு பேரை விசாரிக்க வேண்டும். இந்த மண்டியில் லாபத்தைச் சாமி பேர் மாதிரி முதலில் சொல்லிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான். அளக்கக் குவித்த ஒவ்வொரு அம்பாரத்துக்கும் ஒரு மரக்கால் மண்டிக்குள்ளேயே தங்கியது.

அன்றிலிருந்து சாந்தப்பனின் கால் சக்கரம் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கை கழுவிவிட்டுத் தெருவுக்குப் போவார். ஏரிக்கரை வரை நடந்துவிட்டுத் திரும்புவார். வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று கோயிலில் போதகர் பிரசங்கம் செய்த அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார். கள்ள மரக்காலைக் கடவுள் அருவருக்கிறார் என்று பிரசங்கம் செய்த அன்று தூக்கம் போயிற்று. 'மரக்கால் கள்ள மரக்கால் இல்லையே, சர்க்கார் முத்திரை குத்தின மரக்கால்தானே' என்று தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தார். கேஸ் நிற்கவில்லை. மரக்கால் நல்ல மரக்கால்தான், வாய்தான் கள்ள வாய் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மாதத்தில் முதல் ஞாயிறு கோயிலில் ராப்போஜனம். அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்க எல்லோரும் வரிசையாக முன்னால் போய் முழங்காலிடுவார்கள். சாந்தப்பன் போவதை நிறுத்தினார். முதல் மாதம் வயிற்று வலி என்றார், அடுத்த மாதம் முழங்கால் வலி. அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். அவருக்குப் பயம். பொய் அளவு பாடின வாயில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகுமோ என்று, சின்னப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படுவது மாதிரி பயந்தார். ஆனால் அந்த ராப்போஜன மேசையை விட்டால் அவருக்குப் போக்கிடமும் இல்லை. எல்லாத் தெருவும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன நாளில் பக்கத்தில் வந்து முழங்காலிடு என்று சொன்ன ஒரே இடம் அது. என்றைக்காவது அங்கே திரும்பிப் போவோமா என்பதுதான் அந்த ஆறு வருஷமும் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

சலோமி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "இன்னாய்யா பண்ணிக்கினு வந்தே, கோயில்ல முன்னால போகாத அளவுக்கு?"

"ஒண்ணுமில்லம்மே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அறுபதாம் வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. மல்லாட்டை பிடுங்கி முடிந்த சமயம். அந்தப் பண்டிகையன்று விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை அளந்து ஏலம் விடுவார்கள். கேப்பை, பூசணிக்காய், கோழி, மூட்டை மூட்டையாக மல்லாட்டை என்று பலிபீடத்துக்கு முன்னால் சந்தை மாதிரி இருக்கும். வழக்கமாக அளக்கிறவர் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை, அவருக்கு அன்று காய்ச்சல். போதகர் ஞானாபரணம் நேரே சாந்தப்பனிடம் வந்தார்.

"எனக்கு வேணாங்க ஐயா. வேற யாரையாவது வெச்சுப் பாருங்க."

"ஊர்லயே பெரிய அளவுக்காரர வெச்சிக்கினு வேற யாரைத் தேடறது? ஆண்டவருக்கு ஒரு நாள் அளக்கக் கூடாதா?"

ஆண்டவர் பேரைச் சொன்ன பிறகு எப்படி மறுப்பது? சாந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் அம்பாரம் துரைக்கண்ணுவுடையது. துரைக்கண்ணு சபையில் பெரிய குடியானவர். அவருடைய காணிக்கை பத்து மரக்கால் மல்லாட்டை. காலையில் வீட்டில் அவரே அளந்து கட்டிய மூட்டை. அவர் விற்பதும் கோதண்டபாணி மண்டியில்தான்.

'இங்கே ஒழுங்காக எண்ண வேண்டும், லாபம், ரெண்டு, மூணு' என்று மனசுக்குள் நாலு முறை சொல்லிக்கொண்டுதான் சாந்தப்பன் மரக்காலைக் கையில் எடுத்தார். ஆனால் பழக்கம் என்று ஒரு சனியன் இருக்கிறதே, அது மனசு சொல்வதைக் கேட்பதில்லை. மல்லாட்டையின் சலசலப்பு காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "லாபமே லாபம்... லாபமே லாபம்..." கோயில் சுவர்களுக்குள் அந்தக் குரல் இன்னும் அழகாக எழும்பியது. ஜனங்கள் ரசித்துத் தலையாட்டினார்கள். கொட்டினார். "ஒண்ணே ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு..." கொட்டினார். "ரெண்டே ரெண்டு..." அவருக்கே தெரியவில்லை. "ஒம்போதே ஒம்போது..." என்று முடித்து, வெறும் கோணியை உதறினார்.

"ஒம்போதா?" என்றார் துரைக்கண்ணு. "பத்து கட்டினேனே அண்ணே."

யாரோ சிரித்தார்கள். "கோயிலுக்கே ஒண்ணு கொறச்சிட்டியாய்யா துரைக்கண்ணு?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். துரைக்கண்ணுவின் முகம் சிவந்தது. கடவுளை ஏமாற்றினவன் என்ற பேர் சபை நடுவில் அவருக்கு வந்துகொண்டிருந்தது.

போதகர்தான் சமாளித்தார். "நாக்கு பொரண்டிருக்கும். லாபம்னு சொன்னதுக்கப்புறம் ரெண்டுன்னு சொல்லணும், நம்ம சாந்தப்பன் ஒண்ணுன்னு சொல்லிட்டாரு. அவ்வளவுதானே சாந்தப்பா?"

வழி திறந்திருந்தது. ஆமாங்க ஐயா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் சிரித்துவிட்டு ஏலத்துக்குப் போயிருப்பார்கள். சாந்தப்பன் எழுந்து நின்றார். துரைக்கண்ணுவின் சிவந்த முகத்தைப் பார்த்தார்.

"பொரளலீங்க ஐயா. மண்டியில அப்பிடித்தான் அளக்கறேன். ஆறு வருஷமா அப்பிடித்தான்."

கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் கோயில் சந்தைக்கடை ஆயிற்று. மண்டிக்குச் சரக்குப் போட்டவர்கள் எல்லோரும் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்கள். 'அடப்பாவி' என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். அன்று ஏலம் நடக்கவில்லை.

மறுநாள் மண்டிக்குப் போனார். கோதண்டபாணி கத்தவில்லை. "மண்டியில வாய் தொறக்கறதுக்குத்தான்யா உனக்குக் கூலி. கோயில்ல தொறந்துட்டியே" என்றார். வேலை போயிற்று, வீடும் போயிற்று. கோயில் தாழ்வாரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்த கூரை ஓடுகளையும் மண்டிக்காரர் நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் தாழ்வாரம் ஒழுகியபோதெல்லாம் சபைக் கமிட்டிக்காரர்கள் சாந்தப்பனைத்தான் பார்த்தார்கள். போதகர் நல்ல மனிதர், ஆனால் அவரும் மனிதர்தானே. "நீ சொன்னது சரிதான் சாந்தப்பா. சொன்ன நேரம்தான்..." என்று இழுத்தார்.

"நான் ராப்போஜனம் எடுக்கலாமா ஐயா?"

"ஒப்புக்கொண்டவனுக்கு ஏது தடை? வா."

சாந்தப்பனுக்கு அது போதவில்லை. சும்மா வாயால் ஒப்புக்கொண்டால் ஆயிற்றா? வாயால்தானே எடுத்தது என்று கேட்கலாம். ஆனால் குடியானவன் இழந்தது வார்த்தை இல்லை, மல்லாட்டை. திருப்பிக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை, இரண்டு கை தவிர. அவர் நேராகத் துரைக்கண்ணு வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இந்தப் போகத்துல பத்து நாள் உன் நெலத்துல வேல செய்யறேன். கூலி வேணாம்."

துரைக்கண்ணு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். அப்படித் தொடங்கியது. அங்கே முடிந்ததும் அடுத்த குடியானவர், அதற்கப்புறம் அடுத்தவர். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை. பிரம்மதேசத்துப் பெரியசாமி, ஆள் வலிய வந்ததைப் பார்த்ததும், "உங்க சாமி சொல்லிச்சா? ரொம்ப நல்ல சாமியா இருக்குதே!" என்று மகிழ்ந்து, பாத்தி கட்டச் சொன்னதோடு விடாமல் கிணற்றையும் தூர் வாங்க வைத்துவிட்டார். சாந்தப்பன் அதையும் செய்தார். விடிந்தால் ஓட்டம், இருட்டினால் வீடு. ஒரு நிலம் முடிந்தால் அடுத்த நிலத்துக்கு ஏக்கம். எப்போது முடியும், எப்போது அந்த மேசைக்குப் போவோம் என்று மனசு பறந்தது. சில பேர் பாவம் பார்த்துக் கூலி நீட்டினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றார். அந்தக் கணத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு குடிசையில்தான் இப்போது குடித்தனம். சலோமி இரண்டு பெண் பிள்ளைகளையும் விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். "அங்க பள்ளிக்கூடம் கிட்ட" என்று காரணம் சொன்னாள். சாந்தப்பன் சரி என்றார். தினம் சட்டியில் கேப்பைக் கூழ் இருந்தது. குடித்தார். யார் கொண்டுவந்தது, எப்படி வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தன் கணக்கைத் தீர்க்கிற அவசரத்தில் இருந்தார்.

அறுபத்தொன்றாம் வருஷம் பங்குனியில் கடைசி நிலமும் முடிந்தது. அடுத்து வந்த முதல் ஞாயிறு காலையில் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நீ முன்னால போய்க்கினே இரு" என்றாள் சலோமி. "நான் பின்னால வர்றேன்."

கோயிலில் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஏழாவது வருஷத்தில் சாந்தப்பன் வரிசையில் நின்றார். துரைக்கண்ணு தள்ளி நின்று அவருக்கு இடம் விட்டார். சாந்தப்பன் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். இந்த சந்தோஷத்தைச் சலோமி பார்க்கிறாளா என்று பெண்கள் பக்கம் திரும்பினார். அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த துரைக்கண்ணுவின் மனைவியிடம் கண்ணாலேயே கேட்டார்.

அந்த அம்மாள் மெல்லச் சொன்னாள்: "அவ எங்க வருவா? மல்லாட்டை ஒடைக்கற கொட்டாயில இருக்கா. மூணு மாசமா ஞாயித்துக்கிழமகூட விடாம போய்க்கினுதான் இருக்கா. ஒனக்குத் தெரியாதா?"

அவருக்கு முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். போதகர் அப்பத்தைக் கையில் எடுத்துவிட்டார். சாந்தப்பன் வரிசையிலிருந்து விலகி வெளியே வந்தார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

விதை மல்லாட்டை உடைக்கிற கொட்டகை சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆண்கள் யாரும் செய்யாத வேலை அது. ஐம்பது அறுபது பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தூசியில் எல்லோருடைய தலைமயிரும் ஒரே நிறமாக இருந்தது. சலோமியை அவர் அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுடைய இரண்டு கட்டை விரல்களிலும் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணி தினமும் வீட்டில் அவர் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. அடுப்பில் சுட்டிருக்கும் என்று நினைத்திருந்தார்.

"எடுத்துட்டியா?" என்று கேட்டாள் தலை நிமிராமல்.

"இல்ல."

"ஏன்? இன்னைக்குத்தானே எல்லாம் முடிஞ்சிதுன்னு சொன்னே. ஜல்தி போ, இன்னும் நடந்துக்கினுதான் இருக்கும்."

"நீயும் வா."

"போனா அரை நாள் கூலி போயிடும். நாளைக்குப் பொண்ணுங்களுக்கு அரிசி அனுப்பணும். நீ போய்யா."

சாந்தப்பன் போகவில்லை. அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்கக் கூலி வேண்டாம் என்று பெருமையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அந்தக் கூலி யாருடையது என்று இப்போதுதான் தெரிந்தது. தான் திருப்பிக் கொடுத்ததாக நினைத்ததெல்லாம் இவளுடைய விரலிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஒரு வார்த்தை இவளைக் கேட்கவில்லை. சபைக்கு முன்னால் ஒப்புக்கொண்டார், குடியானவர்களிடம் ஒப்புக்கொண்டார். இவளிடம் இதுவரை எதையுமே ஒப்புக்கொள்ளவில்லை.

"சலோமி, அவங்க அம்பாரத்துல எடுத்தேன். அப்புறம் அத திருப்பிக் குடுக்கறேன்னு உன் அம்பாரத்துல எடுத்தேன். அதுவும் திருட்டுதான். உன்னக் கேக்காம எடுத்துட்டேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் உடைப்பதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தார்கள். சலோமியின் கை மட்டும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துணி சுற்றின விரலாலேயே துடைத்தாள். தூசி பட்டு இன்னும் எரிந்தது.

"மூணு மாசமா ஒரு நாளாவது இந்தக் கூழ் எங்கேர்ந்து வருதுன்னு நீ கேப்பேன்னு இருந்தேன்" என்றாள்.

கோயில் மணி அடித்தது. ராப்போஜனம் முடிந்துவிட்டது. அடுத்தது இனி அடுத்த மாதம்தான்.

அவர் ஒரு கை மல்லாட்டையை அள்ளித் தரையில் போட்டு, கிடந்த கல்லை எடுத்தார். சலோமி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"கல்லால தட்டாத. பருப்பு ஒடஞ்சா வெதைக்கு ஆவாது, கூலியில புடிச்சிடுவாங்க. காயோட மூக்குப் பக்கம் வெச்சி ரெண்டு வெரலால அமுக்கு" என்றாள். பிறகு ஒரு விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, பாதியாகக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.